நகராத கோடு

தேர்தல் வந்தால் வேட்பாளர் யார், என்ன ஜாதி, எவ்வளவு செலவழிப்பார் என்று அலசுகிறோம். தொகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஓட்டின் எடையைத் தீர்மானிப்பதோ அந்த எல்லைக்கோடுதான்.

சந்தேகம் இருந்தால் தில்லியைப் பாருங்கள். 2004 மக்களவைத் தேர்தலில் வெளி தில்லித் தொகுதியில் 33 லட்சத்துக்கும் அதிகமான வாக்காளர்கள். அதே நகரின் சாந்தினி சௌக்கில் 4 லட்சம்கூட இல்லை. இரண்டுக்கும் தலா ஒரு எம்.பி. அதாவது, சாந்தினி சௌக்கின் ஒரு ஓட்டு வெளி தில்லியின் எட்டு ஓட்டுக்குச் சமம்.

இந்தக் கோணல் ஒரே நாளில் வந்ததல்ல. 1971 கணக்கெடுப்பின்படி போட்ட எல்லைகள் அவை. நெருக்கடி நிலையின்போது, 1976இல், 42ஆவது அரசியல் சட்டத் திருத்தம் தொகுதிச் சீரமைப்பை 2001 கணக்கெடுப்பு வரை நிறுத்திவைத்தது. குடும்பக் கட்டுப்பாட்டில் அக்கறை காட்டும் மாநிலங்கள் இடங்களை இழக்கக் கூடாது என்பது காரணம். நியாயம்தான். ஆனால் மாநிலங்களின் பங்கோடு சேர்ந்து, ஒரு நகருக்குள் போட்ட கோடுகளும் உறைந்துவிட்டன.

அதே நெருக்கடி நிலையில்தான் தில்லியின் நடுவிலிருந்த குடிசைகள் இடிக்கப்பட்டன. குடியிருந்தவர்கள் மங்கோல்புரி, சுல்தான்புரி போன்ற ஓரங்களுக்குத் துரத்தப்பட்டார்கள். இவ்விரண்டும் வெளி தில்லித் தொகுதியில் இருந்தவை. மக்களை நகர்த்திய அதே அரசு, கோட்டை நகரவிடாமல் செய்தது. பிழைப்புத் தேடிப் பிறகு வந்தவர்களும் நகரின் ஓரத்தில்தான் குடியேற முடிந்தது. வீட்டை இழந்தவர்களின் ஓட்டும், அவர்கள் அறியாமலே, தேர்தலுக்குத் தேர்தல் இளைத்துக்கொண்டே வந்தது. இப்படி ஒன்பது மக்களவைத் தேர்தல்கள் நடந்தன.

2008இல்தான் நீதிபதி குல்தீப் சிங் ஆணையம் போட்ட புதிய கோடுகள் அமலுக்கு வந்தன. வெளி தில்லி, கரோல் பாக், தில்லி சதர் தொகுதிகள் மறைந்தன. வடமேற்கு, வடகிழக்கு, மேற்கு தில்லி தொகுதிகள் பிறந்தன. தில்லியின் ஏழு மக்களவைத் தொகுதிகளுக்கும் தலா 10 சட்டமன்றத் தொகுதிகள். 2001 கணக்கெடுப்பின்படி கணக்கு நேரானது. நகரம் மட்டும் அதற்குப் பிறகும் ஓரங்களில் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்று சண்டையிடுகிறோம். அவசியமான சண்டை. ஆனால் நம் தெருவை எந்தத் தொகுதியில் சேர்க்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். 2002ஆம் ஆண்டின் தொகுதிச் சீரமைப்புச் சட்டம், ஆணையம் வரைவை வெளியிட்டு, ஆட்சேபம் கேட்டு, பொது அமர்வு நடத்த வேண்டும் என்றது. அந்த மாதிரிக் கூட்டத்துக்குக் கட்சிக்காரர்கள் தவறாமல் போவார்கள். குடிசை இழந்தவர்கள் சார்பில் யார் போவார்கள்?

தமிழில் ‘வரை’ என்றால் கோடு, எல்லையும்தான். பென்சில் யார் கையில் என்பதை மட்டும் அந்தச் சொல் சொல்வதில்லை.