மலை வெறும் கல் அல்ல!

அமராவதி நகர் அணைமீது நின்றால் தெற்கே ஆனைமலைத் தொடர் தெரியும். “அங்கே எந்த மரம் வளர்ந்தால் என்ன, எந்தப் பறவை பறந்தால் என்ன? பனியன் கம்பெனித் தொழிலாளிக்கும் பண்ணைக் கூலியாளுக்கும் அதனால் ஆகப்போவதென்ன?” என்று சிலர் கேட்கலாம். நிறைய உண்டு என்பதே நமது பதில்.

தென்மேற்குப் பருவக்காற்று சுமந்துவரும் மேகத்தை இம்மலை மறித்து நிற்கிறது. எனவேதான் வால்பாறைக்குப் பக்கத்துச் சின்னக்கல்லாற்றில் மழை கொட்டுகிறது. அப்பக்கம் பச்சைமாறாக் காடு, சிங்கவால் குரங்கு, இருவாச்சி. மழை மறைவிலுள்ள அமராவதி, சின்னாறு வனங்களில் முட்காடு, நட்சத்திர ஆமை, சாம்பல் நிறப் பெரிய அணில். உச்சிப் புல்வெளிகளிலோ வரையாடு. மலை ஒன்றுதான், வாழும் ஜீவராசிகள் வேறு வேறு!

வடக்கே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்தில் பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது. குளிர்ந்த சோலைகளில் வாழும் சிறு பறவைகள் இந்த வெப்பமான தாழ்நிலத்தைக் கடப்பதில்லை. ஆகவே ஒரே குடும்பத்துச் சிரிப்பான் குருவி, நெடுங்காலம் பிரிந்திருந்து, நீலகிரியில் ஓர் இனமாகவும் ஆனைமலை, பழனி மலைகளில் வேறோர் இனமாகவும் ஆகிவிட்டது. இது நிலத்தின் அமைப்பு செய்த வேலை என்று விஞ்ஞானம் காட்டுகிறது.

சமவெளியிலும் இதே கதைதான். மழை குறைந்த காங்கயம், தாராபுரம் பிரதேசத்தில் கிளுவை வேலியும் வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும் கொண்ட கொறங்காடு உண்டு. அந்த மேய்ச்சலில் உழவர்கள் வளர்த்தெடுத்ததே காங்கயம் மாடு.

பாம்பாறும் சின்னாறும் தேனாறும் மலையில் பிறந்து அமராவதியாகின்றன. சோலையும் புல்லும் மழையைப் பிடித்துவைத்து மெல்ல விடுகின்றன. அவை அழிந்து, ஆறு வறண்டால், முதலில் வேலையிழப்பவன் கூலியாளே.

நொய்யலின் கதி நமக்குத் தெரியாததா? 1992ல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாயிற்று. 2011ல் ஐகோர்ட் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. லாபம் முதலாளிக்குப் போயிற்று. வேலையின்மை தொழிலாளிக்கு வந்தது.

அமராவதிக்கும் அக்கதி நேர விடலாமா? சர்க்கார் மலையடிவாரத்தையும் காட்டையும் கொள்ளை லாபக்காரர்களிடமிருந்து காக்க வேண்டும். 2006ம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி முதுவர், புலையர் முதலான மலைமக்களின் உரிமைகளை முழுமையாக அங்கீகரிக்க வேண்டும். காட்டை அறிந்த அவர்களே அதற்கு நல்ல காவல்.

மலையை உடைத்தால் ஜல்லி கிடைக்கும். ஜல்லியைக் குவித்து மலையாக்க எந்தக் கம்பெனியாலும் முடியாது!