நாலு கம்பி நாயகன்

காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல கைத்தட்டல் யாருக்கு? பாடுறவருக்கு, லீட் கிடாருக்கு, டிரம்ஸுக்கு. ஓரமா நாலு கம்பியோட நிக்கிற பேஸ் கிடாரிஸ்ட்டை யாரும் கண்டுக்க மாட்டாங்க. ஆனா, அவர் ரெண்டு செகண்ட் நிறுத்தட்டும்... பாட்டு அந்தரத்துல தொங்கும்!

1951-ல் லியோ ஃபெண்டரின் 'பிரிசிஷன் பேஸ்' வந்த பிறகுதான், ஆளுயர டபுள் பேஸைச் சுமந்து அலைந்த கஷ்டம் குறைந்தது. அமெரிக்காவின் மோட்டவுன் ஹிட்களுக்கு அதை வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். கம்பியை மீட்ட வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றே போதும் அவருக்கு! ஆனால், பல வருஷம் இசைத்தட்டுகளில் அவர் பெயரே இல்லை. 1971-ல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில்தான் அச்சானது.

நீங்களும் பேஸ் வாசிக்கக் கிளம்புறீங்களா? காஸ்ட்லி கிடார் கனவு இருக்கட்டும். முதல்ல ட்யூனர், ஸ்பேர் கேபிள், டி.ஐ. பாக்ஸ் வாங்குங்க. தடித்த கம்பியோட அதிர்வு 41 ஹெர்ட்ஸ்தான். லீட் கிடார் ஆம்ப்ல சொருகி சத்தத்தைக் கூட்டினா ஸ்பீக்கர் கிழியலாம். டி.ஐ. பாக்ஸ் இருந்தா நேரா மிக்ஸருக்கே போயிடலாம். ஆக்டிவ் பேஸா? 9 வோல்ட் பேட்டரி ஒண்ணு எக்ஸ்ட்ரா வெச்சுக்கோங்க. வாசிச்சு முடிச்சதும் கேபிளைக் கழட்டிடுங்க. சொருகியே விட்டா பேட்டரி காலி.

முன்வரிசையில ஒருத்தன் தன்னை மறந்து கால் தட்டுவான். காரணம் நீங்கன்னு அவனுக்குத் தெரியாது. அந்தச் சந்தோஷம் போதும்னா, பேஸ் உங்களுக்குத்தான் பாஸ்!