முதல் ஆட்டமும் முடிவான தீர்ப்பும்

கூடைப்பந்து ரசிகர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஓர் இளைஞர் அணியில் சேர்ந்து நான்கு ஆட்டம் ஆடிவிட்டால் போதும். இன்னும் பத்தாண்டுகளில் அவர் என்ன ஆவார் என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். 'இவர் மாபெரும் ஆட்டக்காரர் ஆவார்' என்று ஒரு கட்சி. 'இவரிடம் சரக்கில்லை' என்று எதிர்க்கட்சி. அந்த இளைஞர் 'பாயின்ட் கார்டு' என்னும் இடத்தில் ஆடுபவராக இருந்துவிட்டாலோ, வாதம் இன்னும் சூடு பிடிக்கும். பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேறுபவரும், அதை யாருக்கு எப்போது கொடுப்பது என்று முடிவு செய்பவரும் அவர்தாம். களத்தில் இறங்கும் ஐவரில் மற்ற நால்வரும் அவர் கையைத்தான் பார்த்திருப்பார்கள்.

இந்த வாதத்தை வீண் பொழுதுபோக்கு என்று நான் ஒதுக்கமாட்டேன். நன்றாக எண்ணிப் பார்த்தால் இது ஓர் அளவீட்டுச் சிக்கல். ஆய்வுக்கூடத்தில் நாம் நாள்தோறும் சந்திக்கும் சிக்கலேதான். ஆனால், ரசிகர்கள் அதைக் கையாளும் முறை எனக்கு உடன்பாடில்லை. அதனால் துன்பப்படுபவர் பெரும்பாலும் அந்த இளைஞர்தான். உண்மையாக நடந்த ஒன்றைக் கொண்டு இதைப் பார்ப்போம்.

2013 அக்டோபர் 30. அமெரிக்காவின் என்.பி.ஏ. எனப்படும் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியில் பிலடெல்பியா செவன்டி சிக்ஸர்ஸ் அணியும் மயாமி ஹீட் அணியும் மோதின. மயாமி 2012, 2013 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கோப்பை வென்ற அணி. பிலடெல்பியாவோ, பழைய ஆட்டக்காரர்களை அனுப்பிவிட்டு அடித்தளத்திலிருந்து புதிதாகக் கட்டப்பட்டு வந்த அணி. அன்று பிலடெல்பியாவுக்குத் தம் முதல் ஆட்டத்தை ஆடியவர் மைக்கேல் கார்ட்டர்-வில்லியம்ஸ் என்னும் 22 வயது பாயின்ட் கார்டு. அவர் 22 புள்ளிகள் எடுத்தார். கூட்டாளிகள் கூடையில் போடுவதற்கு வாகாக 12 முறை பந்து தந்தார். திரும்பி வந்த பந்தை 7 முறை பிடித்தார். எதிரணியிடமிருந்து 9 முறை பந்தைப் பறித்தார். முதல் ஆட்டத்திலேயே இத்தனை முறை பந்தைப் பறித்தவர் அதற்கு முன் யாருமில்லை. பிலடெல்பியா 114-110 என்று வென்றது.

அடுத்த நாள் ரசிகர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை. அந்தப் பருவம் முழுவதும் அவர் ஆட்டத்துக்குச் சராசரி 16.7 புள்ளிகளும் 6.3 உதவிகளும் 6.2 பந்துப் பிடிப்புகளும் கண்டார். புதியவர் ஒருவர் இத்தகைய கணக்கைக் காட்டியது அதற்கு முன் ஆஸ்கர் ராபர்ட்சன், மேஜிக் ஜான்சன் என்னும் இரு பெரும்புள்ளிகள் மட்டுமே. 2014இல் ஆண்டின் சிறந்த புதியவர் என்ற பட்டமும் அவருக்கே கிடைத்தது. பட்டம் பெற்ற பத்து மாதத்துக்குள், 2015 பிப்ரவரியில், அதே பிலடெல்பியா அவரை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டது!

இது எப்படி நேர்ந்தது? முதலில் அந்த ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம்.

தனி ஊசலின் அலைவு நேரத்தை அளக்கும்போது ஒரே ஓர் அலைவை அளந்துவிட்டு நாம் எழுந்துவிடுவதில்லை. 20 அலைவுகளுக்கு நேரம் பார்த்து 20 ஆல் வகுக்கிறோம். கடிகாரத்தை அழுத்தும் விரல் 0.2 வினாடி பிசகினாலும், வகுத்த பிறகு அந்தப் பிழை 0.01 வினாடி ஆகிவிடுகிறது. கூடைப்பந்தில் பிழை விரலில் இல்லை, தற்செயலில் இருக்கிறது. பந்து வளையத்தின் விளிம்பில் பட்டு உள்ளே விழுவதற்கும் வெளியே துள்ளுவதற்கும் இடையே மயிரிழை வேறுபாடுதான்.

இதைக் கணக்கிடவும் செய்யலாம். கூடையிலிருந்து நேர் எதிரே 7.24 மீட்டருக்கு அப்பாலிருந்து எறிந்து போட்டால் மூன்று புள்ளிகள். கார்ட்டர்-வில்லியம்ஸ் ஆடத் தொடங்கிய பருவத்தில், என்.பி.ஏ. ஆட்டக்காரர்கள் அனைவரும் சேர்ந்து இப்படி எறிந்த ஒவ்வொரு 100 பந்துகளுக்கும் 36 விழுந்தன. சரியாக 36 விழுக்காடு வல்லமை உள்ள ஒருவர் 100 முறை எறிகிறார் எனக் கொள்வோம். எப்போதும் 36 விழுமா? விழாது. எறிதலின் எண்ணிக்கையை விழும் வாய்ப்பாலும் விழாத வாய்ப்பாலும் பெருக்கி, வர்க்கமூலம் எடுங்கள். 100 × 0.36 × 0.64 = 23.04; அதன் வர்க்கமூலம் 4.8. அதாவது மூன்றில் இரண்டு முறை விடை ஏறக்குறைய 31க்கும் 41க்கும் இடையே இருக்கும். மூன்றில் ஒரு முறை அந்த எல்லையையும் தாண்டிவிடும். 31 விழுந்தால் ரசிகர்கள் 'குறி தெரியாதவன்' என்பார்கள். 41 விழுந்தால் 'பிறவி வில்லாளி' என்பார்கள். இருவரும் ஒரே ஆள்!

100 எறிதலுக்கே இந்த நிலை என்றால் ஓர் ஆட்டத்தில் எறியும் ஐந்தாறு எறிதல்களைப் பற்றி என்ன சொல்வது? 26 விழுக்காடு மட்டுமே வல்லமையுள்ள ஒருவர் ஆறு பந்து எறிந்தால், நான்கோ அதற்கு மேலோ விழுவதற்கு ஏறத்தாழ 23இல் ஒரு வாய்ப்பு உண்டு. 82 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் எல்லா ஆட்டத்திலும் ஆறு பந்து எறிந்தால், அவருக்கு அப்படி மூன்று நான்கு நாள்கள் அமைந்துவிடும். அவற்றுள் ஒன்று முதல் நாளாகவே இருந்துவிட்டால்? ஆண்டுதோறும் என்.பி.ஏ. அணிகள் பல பத்துப் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. அவர்களுள் யாரோ ஒருவருக்கு முதல் நாளே நல்ல நாளாக வாய்க்கத்தான் செய்யும். நாம் அவரைப் பற்றி மட்டுமே பேசுவோம். மற்றவர்களின் முதல் நாள் யார் நினைவிலும் இராது.

சரி, அது ஓர் ஆட்டம். ஆனால் பருவம் முழுவதும் அல்லவா அவர் நன்றாக ஆடினார் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இங்கேதான் அட்டவணையில் எந்தப் பத்தியைப் பார்ப்பது என்ற பிரச்சினை வருகிறது.

தொலைவை மட்டும் சொல்லி நேரத்தைச் சொல்லாவிட்டால் வேகம் தெரியாது. 16.7 புள்ளிகள் என்று சொல்பவர், எத்தனை வாய்ப்புகளில் என்று சொல்லவேண்டும். அந்தப் பருவத்தில் என்.பி.ஏ.யிலேயே மிக விரைவாக ஆடிய அணி பிலடெல்பியாதான். ஆட்டம் விரைந்தால் பந்து கைக்கு வரும் முறையும் கூடும். எல்லா எண்களும் பருத்துவிடும். முந்தைய பாயின்ட் கார்டை அனுப்பிவிட்டதால் பந்தும் இவரிடமே இருந்தது. அணியோ 82 ஆட்டங்களில் 63இல் தோற்றது. இடையே தொடர்ச்சியாக 26 தோல்விகள். இதே நேரத்தில் அமைதியாக வேறொரு பத்தி உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. மூன்று புள்ளி எறிதலில் அவர் கண்டது 26.4 விழுக்காடு. பருவம் முழுவதற்கும் ஏறத்தாழ 200 எறிதல்கள். நாம் மேலே கண்ட முறையில் கணக்கிட்டால் பிழை 3 விழுக்காடு; இரட்டிப்பாக்கினாலும் 6. ஆகவே அவருடைய உண்மையான வல்லமை 20க்கும் 33க்கும் இடையே இருக்கலாம், 36ஐ எட்டவில்லை. புள்ளிகளும் உதவிகளும் சூழ்நிலையோடு கலந்த எண்கள். இதுவோ பெரும்பாலும் அவருடைய கையைச் சார்ந்த எண். ஐயப்பட்டவர்களுள் இந்தப் பத்தியைப் பார்த்தவர்களுக்கு நான் மதிப்பெண் கொடுப்பேன். வெறும் மனத்தாங்கலால் ஐயப்பட்டவர்களுக்கு, விடை சரியாக இருந்தாலும், கொடுக்கமாட்டேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2009இல் மினசோட்டா அணிக்கு ஐந்தாவது, ஆறாவது தேர்வுகள் அடுத்தடுத்துக் கிடைத்தன. இரண்டிலும் பாயின்ட் கார்டுகளையே எடுத்தது: ரிக்கி ரூபியோ, ஜானி ஃப்ளின். ஏழாவதாகக் கோல்டன் ஸ்டேட் அணி எடுத்தவர் டேவிட்சன் என்னும் சிறு கல்லூரியைச் சேர்ந்த மெலிந்த இளைஞர் ஸ்டீபன் கர்ரி. அந்தப் பருவத்தின் சிறந்த புதியவர் பட்டம் கர்ரிக்குக் கிடைக்கவில்லை, 20.1 புள்ளிகள் எடுத்த சாக்ரமென்டோவின் டைரீக் எவன்ஸ் பெற்றார். ஆனால், கர்ரி முதல் பருவத்தில் எறிந்த 380 மூன்று புள்ளிப் பந்துகளில் 166 விழுந்திருந்தன, 43.7 விழுக்காடு. பிழை 2.5. இது தற்செயல் அன்று என்று அந்த ஒரு பத்தியே உரத்துச் சொல்லிற்று. 2015, 2016இல் அவர் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை அடுத்தடுத்துப் பெற்றார்.

இத்தோடு நிறுத்திக்கொண்டால், சரியான பத்தியைப் பார்த்தால் எதிர்காலம் தெரிந்துவிடும் என்று நான் சொல்வதாக ஆகிவிடும். அப்படிச் சொல்லவரவில்லை. கர்ரியின் கணுக்கால் அடிக்கடி பழுதுபட்டது. 2011-12 பருவத்தில் அவர் 26 ஆட்டங்களே ஆடினார். அந்தக் கணுக்கால் குணமாகாமலே போயிருக்கலாம். ஃப்ளினுக்கு இடுப்பு மூட்டில் அறுவை நடந்தது. மூன்று பருவங்களோடு அவருடைய என்.பி.ஏ. வாழ்க்கை முடிந்துவிட்டது. இவற்றை எந்தப் பத்தி முன்கூட்டிச் சொல்லும்?

ரசிகர்கள் இளைஞரின் 'பொட்டென்ஷியல்' பற்றிப் பேசுகிறார்கள். நம் பாடத்திலும் அதே சொல் உண்டு, நிலையாற்றல் என்கிறோம். மேசைமேல் இருக்கும் கல்லின் நிலையாற்றலை அதன் நிறையும் உயரமும் தெரிந்தால் கணக்கிட்டுவிடலாம். கீழே விழும்போது எவ்வளவு இயக்க ஆற்றல் பெறும் என்பதும் உறுதி. மனிதரின் உள்ளாற்றல் அப்படிப்பட்டதன்று. ஊசலை நூறு முறை அளந்தாலும் அது அதே ஊசல்தான். ஆட்டக்காரரோ நாம் அளந்துகொண்டிருக்கும்போதே மாறிக்கொண்டிருக்கிறார். 'இன்று இவர் எப்படி?' என்பது அளவீடு. 'நாளை எப்படி?' என்பது முன்கணிப்பு. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் வாதம் முடிவதே இல்லை. எனக்கு அதிகாரம் இருந்தால், ஒவ்வொரு ரசிகரையும் தம் தீர்ப்புக்குப் பக்கத்தில் அதன் பிழை எவ்வளவு என்றும், எத்தனை ஆட்டம் எப்படி அமைந்தால் தம் கருத்தை மாற்றிக்கொள்வார் என்றும் எழுதச் சொல்வேன். பலர் அதோடு வாதத்தையே விட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறேன்.

ஜேசன் கிட் என்று ஒருவர். 1994-95இல் டல்லஸ் அணியில் பாயின்ட் கார்டாக நுழைந்தார். அந்தப் பருவத்தில் அவருடைய மூன்று புள்ளி எறிதல் 27 விழுக்காடுதான். கார்ட்டர்-வில்லியம்ஸின் கணக்கிலிருந்து பெரிய வேறுபாடில்லை. எறியத் தெரியாதவர் என்று கேலி செய்தார்கள். அவர் ஆண்டுக்கணக்கில் தம் எறிதலைத் திருத்திக்கொண்டே வந்தார். 2011இல், 38ஆம் வயதில், டல்லஸ் அணியோடு கோப்பை வென்றார். 2013இல் ஓய்வு பெற்றபோது, அதுவரை என்.பி.ஏ.யில் மிக அதிகமான மூன்று புள்ளி எறிதல்களைப் போட்டவர்களுள் மூன்றாம் இடத்தில் இருந்தார். 1995இல் அவரைப் பற்றித் தீர்ப்பு எழுதியவர்களின் அளவீடு சரி, முன்கணிப்புத்தான் தவறு.

2015இல் பிலடெல்பியா கார்ட்டர்-வில்லியம்ஸைக் கொடுத்தது மில்வாக்கி அணிக்கு. அப்போது மில்வாக்கியின் பயிற்சியாளர் யார் தெரியுமா? இதே ஜேசன் கிட். தமக்கு நேர்ந்தது இந்த இளைஞருக்கும் நேரக்கூடும் என்று அவர் நம்பியிருந்தால் அதில் வியப்பில்லை. ஆனால், நேரவில்லை. இடுப்பிலும் தோளிலும் காயங்கள் வந்தன. எறிதலின் சராசரி 30 விழுக்காட்டுக்குக் கீழேயே நின்றது. அணி மாறி அணி சென்று எட்டுப் பருவங்களுக்கு மேல் அவர் என்.பி.ஏ.யில் ஆடினார். உலகின் மிகக் கடினமான கூடைப்பந்துப் போட்டியில் அத்தனை காலம் இடம் பிடித்திருப்பவர் மிகச் சிலரே. இருந்தும், ரசிகர்களிடையே அவர் பெயர் இன்றும் ஏமாற்றத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. அக்டோபர் 30 இரவில் அவர்கள் தாமே வரைந்த அளவுகோலைத்தான் அவர் மீது வைத்து அளக்கிறார்கள்.