படைச்சுட்டாங்களாம்!

‘பிரபஞ்சத்தையே கணினிக்குள்ள படைச்சுட்டாங்க’ என்று யாராவது சிலாகித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். படைக்கவில்லை ஐயா! ஜெர்மனியின் மீக்கணினியில் ஓடி, 2005இல் வெளியான ‘மில்லேனியம்’ உருவகத்தில் 1000 கோடித் துகள்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 100 கோடிச் சூரியன்களின் எடை. அப்புறம் நம்ம சூரியன் எங்கே? உள்ளே இருந்தது கரும்பொருளும் ஈர்ப்பும்தான். விண்மீன் மண்டலங்களைப் பிறகுதான் சூத்திரம் போட்டு ஒட்டினார்கள்.

2014இன் ‘இல்லஸ்ட்ரிஸ்’ வாயுவையும் சேர்த்துக்கொண்டது. அதில் கருந்துளைகள் கக்கிய ஆற்றல், மண்டலக் கூட்டங்களிலிருந்து வாயுவை அளவுக்கு மீறித் துரத்திவிட்டது. தொலைநோக்கியில் பார்த்ததோடு கணக்கு ஒத்துப்போகவில்லை. அடுத்த பதிப்பில் திருத்தினார்கள். எனக்கு மரியாதை வருவது இந்த இடத்தில்தான். சாமி வேலைன்னு கும்பிட்டுட்டா, அப்புறம் யாரு தப்பு கண்டுபிடிக்கிறது?