கூரை இல்லாதவருக்கும் சூரிய விளக்கு: எங்கள் நிலைப்பாடு

நகரத்துக் கூடாரவாசிகளுக்கும் தெருவோர வியாபாரிகளுக்கும் சூரிய விளக்கைத் தவணை முறையில் விற்க வேண்டும். பழுதானால் சரிசெய்து தரவும் ஆள் வேண்டும். இவ்விரண்டையும் செய்யத் தகுந்தவர்கள் அந்தந்தப் பகுதியின் சிறு தொழில்முனைவோரே. இதுவே எங்கள் அமைப்பின் நிலைப்பாடு. பெங்களூரு நிலவரத்தை வைத்து அதற்கான காரணங்களைச் சொல்கிறோம்.

பிரச்சினை எங்கே?

பெங்களூருவின் புறநகர்ப் பகுதிகளில் அடுக்குமாடிகள் எழும் இடங்களில், காலிமனைகளில் நீலத் தார்ப்பாய்க் கூடாரங்கள் முளைக்கின்றன. வட கர்நாடகத்தின் கலபுரகி, ராய்ச்சூர், யாதகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளர் குடும்பங்கள் பலவும் அவற்றில் வசிக்கின்றன. மனை வேறொருவருடையது, முகவரிச் சான்று கிடையாது, எனவே மின் இணைப்பும் கிடைப்பதில்லை. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டம் 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. அதைப் பெறச் சொந்தக் கூரையும் மின் இணைப்பும் இருக்க வேண்டும். கூடாரத்தில் இரண்டும் இல்லை.

மிஞ்சுவது மெழுகுவத்தியும் மண்ணெண்ணெய் விளக்கும்தான். சாதாரணத் திரிவிளக்கில் எரியும் மண்ணெண்ணெயில் 7 முதல் 9 விழுக்காடு வரை கரித்துகளாகவே வெளியேறுகிறது என்று 2012இல் வெளிவந்த ஆய்வு கண்டது. பிளாஸ்டிக் கூரைக்கடியில் புகை மட்டுமல்ல, தீயும் ஆபத்து.

அனுபவம் காட்டுவது

ஹரீஷ் ஹாண்டே இணைந்து தொடங்கிய செல்கோ நிறுவனம் 1995 முதல் கர்நாடகத்தில் இயங்கிவருகிறது. 2011இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. மாதம் 300 ரூபாய் என்றால் முடியாது, நாளுக்கு 10 ரூபாய் என்றால் முடியும் என்று தெருவோர வியாபாரி ஒருவர் தமக்குச் சொன்னதை ஹாண்டே பல மேடைகளில் கூறியிருக்கிறார். கணக்கு ஒன்றுதான், ஆனால் கையில் காசு வரும் நாளும் கட்ட வேண்டிய நாளும் ஒத்துப்போக வேண்டும். அதற்கேற்ப அந்நிறுவனம் ஒரு வழி கண்டது. உள்ளூர்த் தொழில்முனைவோர் ஒருவர் பகலில் சூரிய மின்சாரத்தில் பேட்டரிகளைச் சார்ஜ் செய்வார். மாலையில் தள்ளுவண்டிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, அன்றன்றைக்கு வாடகை வசூலிப்பார்.

2012இல் பெங்களூருவில் தொடங்கிய பொல்லினேட் எனர்ஜி, கூடாரக் குடியிருப்புகளுக்கே உள்ளூர் விற்பனையாளர்களை அனுப்பித் தவணையில் விளக்கு விற்றது. ஐஐடி பம்பாய் 2014இல் தொடங்கிய 10 லட்சம் விளக்குத் திட்டத்தில் கிராமத்து மக்களே விளக்குகளைப் பாகம் பாகமாகப் பூட்டி, விற்று, பழுதும் பார்த்தார்கள்.

ஏன் உள்ளூர்க்காரர்?

கூலி கைக்கு வரும் நாள் அவருக்குத் தெரியும். அன்று மாலையே தவணைக்கு வருவார். கட்டுமானத் தூசி படிந்த பேனலை ஈரத்துணியால் துடைக்கச் சொல்வார். எலி கடித்த வயரை ஒட்டித் தருவார். இலவசமாகக் கிடைத்த விளக்கு கெட்டால் அதற்கு யாரும் பொறுப்பில்லை. அடுத்த தவணை வரவேண்டியிருப்பவரோ வந்தே ஆக வேண்டும்.

ஏழையிடம் காசு வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில்: மண்ணெண்ணெய்க்கும் மெழுகுவத்திக்கும் கடையில் செல்போன் சார்ஜ் ஏற்றவும் அவர் ஏற்கெனவே செலவழிக்கிறார். அந்தச் செலவுக்கு மேல் தவணை போகக் கூடாது. மின் இணைப்பு அவரது உரிமை. விளக்கைக் காட்டி அரசு அதைத் தட்டிக்கழிப்பதை நாங்கள் ஏற்கவில்லை. கட்டடம் முடிந்ததும் அடுத்த மனைக்குப் பெயரும் குடும்பத்துக்கு, கூடவே எடுத்துச்செல்லக்கூடிய வெளிச்சம் இன்றே தேவை என்பதே எங்கள் வாதம்.

எங்கள் கோரிக்கைகள்

1. தவணைப் பணம் வந்துசேரும்வரை தொழில்முனைவோர் தம் கைக்காசையே முடக்க நேரக் கூடாது. முத்ரா திட்டத்தின் 50,000 ரூபாய் வரையிலான சிசு கடனை, சரக்கு வாங்க வங்கிகள் இவர்களுக்குத் தாராளமாக வழங்க வேண்டும்.

2. 2025 செப்டம்பர் முதல் சூரிய விளக்குக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடு. தனியே வாங்கும் பேட்டரிக்கோ 18 விழுக்காடு. முதலில் தேய்வது பேட்டரிதான். சூரிய விளக்குக்கான மாற்று பேட்டரிக்கும் 5 விழுக்காடே விதிக்க வேண்டும்.

3. சந்தையில் தரமற்ற விளக்குகள் புழங்குவதைத் தடுக்க, பேட்டரியின் கொள்ளளவையும் உத்தரவாதக் காலத்தையும் உள்ளூர் மொழியில் பெட்டியின் மேல் அச்சிடுவது கட்டாயமாக வேண்டும்.

4. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழைய பேட்டரியைத் திரும்பப் பெறுவது உற்பத்தியாளர் பொறுப்பு. அதைக் கூடாரத்திலிருந்து சேகரித்துக் கொடுக்கும் விற்பனையாளருக்கு உற்பத்தியாளர் கூலி தர வேண்டும்.

விளக்கு வழங்கும் நன்கொடையாளர்களுக்கும் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை நிர்வகிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பண்டிகை நாளில் விளக்குகளை மொத்தமாகப் பகிர்ந்தளித்துப் படம் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது அந்தப் பகுதி விற்பனையாளரின் பிழைப்பைக் கெடுக்கும். ஆறு மாதத்தில் விளக்கும் மூலையில் கிடக்கும். அதே பணத்தை அவரது முதலீட்டுக்கும் பழுதுபார்ப்புப் பயிற்சிக்கும் கொடுங்கள்.