கம்பு வாங்கப் போகுமுன்

புரட்டாசி பிறந்துவிட்டால் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கொலுப் பொம்மைகள் வந்து குவியும். வர்ணம் பூசிய கோலாட்டக் கழிகளும் நவராத்திரிக்காக விலைக்கு வரும். அவற்றை வாங்குவதில் பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை. ஜோடி சமமாக இருந்து, தட்டினால் நல்ல ஓசை எழுந்தால் போதும். ஆனால் இப்போது நமது வீடுகளுக்கு வேறொரு கழியும் வந்து சேர்ந்திருக்கிறது. அதுதான் சிலம்பக் கம்பு.

முன்பெல்லாம் தியாகராய நகரில் ஒரு குடும்பஸ்தரிடம், "உமது பெண்ணைச் சிலம்பம் பழக அனுப்பும்" என்று சொல்லியிருந்தால் அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்திருப்பார். அது கிராமத்துத் திருவிழாவிலும் எம்.ஜி.ஆர். படத்திலும் கண்டு களிக்க வேண்டிய வித்தை என்பது அவரது அபிப்பிராயம். இன்று காலம் மாறிவிட்டது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம் பெற்றது. அரசாங்க வேலைக்கான 3 சதவிகித விளையாட்டு ஒதுக்கீட்டிலும் அது சேர்ந்துவிட்டது. உத்தியோகம் என்ற சொல் காதில் விழுந்தால் நம்மவர்கள் கம்புக்கும் மரியாதை கொடுப்பார்கள்! காரணம் எதுவாயினும் கலைக்கு நல்ல காலந்தான்.

கஷ்டமெல்லாம் கம்பு வாங்குவதில் வருகிறது. "வளர்கிற பிள்ளை" என்று சட்டையை இரண்டு அளவு பெரிதாகத் தைப்பது நமது வழக்கம். கம்பு விஷயத்தில் அந்தச் சிக்கனம் உதவாது. நிமிர்ந்து நிற்கும் குழந்தையின் புருவத்துக்கோ நெற்றிக்கோ எட்டும் கம்பே பொதுவாக ஏற்ற அளவு. அதற்கு மேல் நீண்டால் நுனி தரையில் இடிக்கும், மணிக்கட்டு நோகும், தப்பான சுழற்சி கையில் படிந்துவிடும். பாணிக்குப் பாணி அளவு சற்று மாறுமாதலால், முதலில் ஆசானைத் தேடிக்கொண்டு, அவரைக் கேட்ட பிறகே கடைக்குப் போவது உத்தமம்.

அடுத்தது மூங்கிலா, பிரம்பா என்ற கேள்வி. மூங்கில் பெரும்பாலும் உள்ளே கூடானது. அடி பலமாக விழுந்தால் நீளவாக்கில் பிளக்கும். அதன் சிராய் கத்தி போன்றது. பிரம்போ பனை இனத்தைச் சேர்ந்த கொடி, உள்ளே கெட்டியானது, வளைந்து நிமிரும். ஆரம்பத்தில் பழகுகிறவர்களுக்கு மெல்லிய பிரம்பே போதும்.

கடையில் கம்பைக் கண்ணருகே வைத்து நீளவாக்கில் நோக்குங்கள், கோணல் தெரிந்துவிடும். கணுக்களின் மேல் உள்ளங்கையை ஓட்டிப் பாருங்கள், உறுத்தக் கூடாது. ஒரு விரல் மேல் கிடத்துங்கள். நடுவுக்கு அருகில் சமமாக நிற்க வேண்டும். பிறகு குழந்தையின் கையிலேயே கொடுத்துச் சுழற்றச் சொல்லுங்கள். இரண்டு நிமிஷத்தில் கை சோர்ந்தால் அந்தக் கம்பு வேண்டாம்.

வாங்கியதை வெயிலிலும் மழையிலும் போடாமல், அவ்வப்போது எண்ணெய் தடவித் துடைத்து வையுங்கள். விரிசல் கண்டால் ஒட்டுப் போட்டு உபயோகிக்க வேண்டாம். அங்கே மிச்சமாவது சில ரூபாய். ஆபத்துக்குள்ளாவது எதிரில் நிற்கும் குழந்தையின் கண். இரு முனையிலும் பந்தம் கொளுத்திச் சுற்றுவதைக் கண்டு பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். அது பல வருஷம் பழகியவர்களுக்கு மட்டுமே உரியது.

கடைசியாக இடம். அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் சுழற்றினால் முதலில் தோற்பது மின்விசிறியாகத்தான் இருக்கும். அடையாற்றுக்காரர்களுக்குப் பெசன்ட் நகர்க் கடற்கரை இருக்கிறது. மயிலாப்பூர்க்காரர்களுக்கு மெரினா இருக்கிறது. விடியற்காலையில் மணலில் கால் ஊன்றிப் பழகும் குழந்தைக்குச் சான்றிதழ் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், நிமிர்ந்த முதுகும் அஞ்சாத பார்வையும் நிச்சயம் கிடைக்கும். அந்த லாபத்துக்கு ஒரு நல்ல கம்பின் விலை அதிகமில்லை.