ஒதுக்கி வைத்த கல்லில் ஒளிந்திருந்த நீலம்!

மோதிரத்தில் சிவக்கும் மாணிக்கமும், நீலமாக ஜொலிக்கும் நீலக்கல்லும் உடன்பிறப்புகள் என்றால் நம்ப முடிகிறதா? இரண்டும் ஒரே கனிமம்தான். பெயர், கொரண்டம். ஆங்கிலப் பெயர் மாதிரி தெரிந்தாலும், நம்முடைய ‘குருந்தம்’தான் அங்கே போய் அப்படி ஆகியிருக்கிறது.

அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த படிகம் இது. சுத்தமாக இருந்தால் நிறமே கிடையாது, கண்ணாடி மாதிரி இருக்கும். துளியூண்டு குரோமியம் கலந்தால் சிவப்பு. இரும்பும் டைட்டானியமும் சேர்ந்து கலந்தால் நீலம். ஆக, நகைக்கடையில் நாம் காசைக் கொட்டி வாங்குவது அந்தக் ‘கலப்பட’த்தைத்தான்!

இலங்கையின் இரத்தினபுரியில் இந்த நீலம் ஒரு பெரிய விளையாட்டே காட்டியது.

அங்கே வயல்வெளிகளில் கிணறு மாதிரி குழி தோண்டி, மண் சரியாமலிருக்க மரச்சட்டம் கொடுத்து, அடியில் இருக்கும் சரளைப் படிவத்தை மேலே கொண்டுவருகிறார்கள். அந்தப் படிவத்தைச் சிங்களத்தில் ‘இல்லம்’ என்கிறார்கள் (ரத்தினங்கள் குடியிருக்கும் இடத்துக்கு, தமிழர் காதில் எவ்வளவு பொருத்தமாக விழுகிறது!). சரளையைக் கூடையில் அள்ளி, தண்ணீரில் சுழற்றிச் சுழற்றி அலசினால் மண் கரைந்துபோகும். கனமான கற்கள் அடியில் தங்கும்.

அப்படித் தங்கியதில் பால் கலந்தது மாதிரி மங்கலான கற்களும் நிறைய இருந்தன. ‘கெவுடா’ என்று பெயர். நிறமும் இல்லை, பளபளப்பும் இல்லை. மதிப்பில்லாத கல் என்று ஒதுக்கிவிடுவார்கள்.

1970-களில் தாய்லாந்து வியாபாரிகள் இந்தக் கற்களை அடிமாட்டு விலைக்கு வாங்கிப் போனார்கள். அங்கே உலையில் 1,500 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடேற்றினார்கள். உள்ளே போனது மங்கலான வெள்ளை, வெளியே வந்தது பளீர் நீலம்!

சாயம் எதுவும் பூசவில்லை. அந்தப் பால் நிறத்துக்குக் காரணமே, கல்லுக்குள் இருக்கும் மிக நுண்ணிய டைட்டானியம் ஆக்சைடு ஊசிகள்தான். கடும் சூட்டில் அவை கரைந்து, டைட்டானியம் படிகத்துக்குள் பரவி, ஏற்கெனவே அங்கிருந்த இரும்போடு ஜோடி சேர்கிறது. மங்கலும் போச்சு, நீலமும் வந்தாச்சு. விஷயம் தெரிந்து இலங்கைக்காரர்களும் உலை வைப்பதற்குள் ஏகப்பட்ட கெவுடா கடல் தாண்டிவிட்டது. சேற்றில் இறங்கித் தோண்டியவர்களுக்குக் கிடைத்தது கெவுடா விலை. நீலத்தின் விலை வேறு யாருக்கோ!

இன்று சந்தையில் இருக்கும் நீலக்கற்களில் பெரும்பாலானவை சூடேற்றப்பட்டவையே. அது போலி அல்ல, அசல் கல்தான். சூடேற்றாமலே நல்ல நிறத்தோடு கிடைப்பது அபூர்வம் என்பதால் அதற்கு விலை அதிகம். கல்லுக்குள் அந்த ஊசிகள் முழுசாக இருக்கின்றனவா, உருகிச் சிதைந்திருக்கின்றனவா என்று மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது பரிசோதனைக்கூடங்களின் வழிகளில் ஒன்று.

உஷாராக இருக்க வேண்டியது வேறொன்றில். விரிசல் விழுந்த மட்டமான மாணிக்கத்துக்குள் ஈயம் கலந்த கண்ணாடியை உருக்கி நிரப்பிவிடுகிறார்கள். விரிசல் மறைந்து, விலை உயர்ந்த கல் மாதிரியே மின்னும். பட்டறையில் நெருப்பு பட்டால் கண்ணாடி பாழாகும். எலுமிச்சைச் சாறுகூட அதை அரித்துவிடும். சமையலறையில் மோதிரத்தோடு ஊறுகாய்க்கு எலுமிச்சை நறுக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கல் வாங்கும்போது கூச்சப்படாமல் இரண்டு கேள்வி கேட்கலாம்: “சூடேற்றியதா? உள்ளே ஏதாவது நிரப்பியிருக்கிறதா?” பதிலை வாய்வார்த்தையாக வாங்காமல், பரிசோதனைக்கூடச் சான்றிதழிலும் பில்லிலும் எழுத்தாக வாங்குங்கள்.